ஆதித்யா 369ம் எங்கள் பக்கத்து ராயரும்

சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்று பேச்சு வந்தால் நண்பர்கள் எல்லாம் ஹாலிவுட் பெயர்களாக அடுக்குவார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆதித்யா 369 தான். 1991 ஜூலையில் வந்த தெலுங்குப் படம். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், பாலகிருஷ்ணா நடிப்பு, இளையராஜா இசை. தமிழில் அபூர்வ சக்தி 369 என்று டப் செய்து வந்ததால் உங்களில் சிலர் அந்தப் பெயரில் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தது தெலுங்கில்தான். ஆந்திராவில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரியில் வளர்ந்தவனுக்கு அதுதான் இயல்பு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனால் அங்கே தமிழ்ப் படம், மற்ற நாளெல்லாம் உள்ளூர்க் கொட்டாயில் தெலுங்குப் படம் என்று எங்கள் பக்கம் எல்லாருக்கும் இரண்டு மொழியும் கலந்தேதான் ஓடும்.

2025 ஏப்ரலில் இந்தப் படத்தை 4கே தரத்துக்கு மாற்றி மறுபடி தியேட்டரில் விட்டார்கள். அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போய்ப் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தது. இந்தப் படம் ஏன் இத்தனை வருஷம் என்னை விடவில்லை என்று யோசித்துப் பார்த்தால், சின்ன வயதில் பார்த்தது என்ற பாசம் மட்டும் காரணமாகத் தெரியவில்லை. சின்ன வயதில் பார்த்த எத்தனையோ படங்கள் இன்றைக்குப் பத்து நிமிஷம் தாங்குவதில்லை. இது தாங்குகிறது, இன்னும் சொல்லப்போனால் அன்றைக்கு இருந்ததைவிட இன்றைக்குக் கனமாக இருக்கிறது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மியூசியத்துக்குச் சுற்றுலா போன ஒரு பையன் உள்ளேயே தங்கிவிட, ராத்திரியில் விஜயநகர அரசர் கிருஷ்ணதேவராயர் காலத்து வைரம் திருடப்படுவதைப் பார்த்துவிடுகிறான். இன்னொரு பக்கம் ஒரு விஞ்ஞானி காலயந்திரம் செய்து வைத்திருக்கிறார். நாயகனும், விஞ்ஞானியின் மகளும், கூட ஒரு போலீஸ் கான்ஸ்டபிளும் அதில் ஏறி 1526-இல் விஜயநகரத்தில் போய் இறங்குகிறார்கள். அங்கிருந்து திரும்பும்போது வீட்டுக்கு வராமல் 2504-க்குப் போய்விடுகிறார்கள். விஞ்ஞானியாக வருபவர் டினு ஆனந்த், நாயகன் படத்தின் கடைசியில் வேலு நாயக்கரைச் சுடுவாரே, அவர். வில்லன் அம்ரீஷ் புரி. ராயர் சபையின் நர்த்தகியாக சில்க் ஸ்மிதா. அவருக்கு இப்படி ஒரு வேஷத்தைக் கொடுத்தவர்கள் ரொம்பக் குறைவு. சபையில் தலைநிமிர்ந்து நடந்துவரும் அந்த அழகைப் பார்த்தால், கொடுத்திருந்தால் என்னென்ன செய்திருப்பாரோ என்று மனசு ஏங்கும்.

அன்றைக்குத் தெரியாத ஒரு விஷயத்தைப் பின்னால் படித்து வியந்தேன். டெர்மினேட்டர் 2 அமெரிக்காவில் வெளியானது 1991 ஜூலை 3. ஆதித்யா 369 வெளியானது ஜூலை 18. உலகத்தின் இரண்டு மூலைகளில் ஒரே மாதத்தில் இரண்டு காலப் பயணப் படங்கள், இரண்டிலும் அணு ஆயுதப் போரில் அழிந்துபோன எதிர்காலம். டெர்மினேட்டர் 2-க்குச் செலவு கிட்டத்தட்ட 10 கோடி டாலர். சிங்கீதத்திடம் இருந்தது செட்டும், கண்ணாடியும், விளக்கும், கலை இயக்குநர் பேகேட்டி ரங்காவின் கைவேலையும், ஒளிப்பதிவுக்கு பி.சி.ஸ்ரீராம், வி.எஸ்.ஆர்.சுவாமி, கபீர்லால் என்று மூன்று பேரும். நான் இரண்டையும் ரசிப்பவன். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. டெர்மினேட்டரில் காலம் தாண்டி வருகிறவர்கள் வருங்காலத்திலிருந்து நம் காலத்துக்கு வருகிறார்கள். எச்.ஜி.வெல்ஸ் 1895-இல் எழுதிய கதையில் பயணி போவது பல லட்சம் வருஷம் தாண்டிய எதிர்காலத்துக்கு. சிங்கீதம் அந்த யந்திரத்தை வாங்கிக்கொண்டு, முதல் வேலையாக அதை எங்கள் ராயர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் ராயர் என்று சொல்வதற்கு எனக்கு உரிமை உண்டு. சென்னையில் படித்தபோது ஒரு நண்பன் கேட்டான், அது தெலுங்கு ராஜா கதைதானே, உனக்கு அதில் என்ன இவ்வளவு ஒட்டுதல் என்று. எல்லையில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே புரியாது. திருத்தணியே 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. மாநிலக் கோடு எங்கள் தாத்தா காலத்தில் போட்டது, ராயர் அதற்கு நாலரை நூற்றாண்டு முன்னால் இருந்தவர். அவர் தெலுங்கில் எழுதிய ஆமுக்தமால்யதா யாருடைய கதை? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதை. ஒரு பக்கத்துக்காரர்கள் மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய ஆள் இல்லை அவர்.

படம் பார்த்த கொஞ்ச நாளில் நைனா எங்களைத் திருமலைக்கு அழைத்துப் போனார். போனவர்களுக்குத் தெரியும், மகாத்துவாரத்தைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் வலது பக்கம் ஒரு மண்டபத்தில் ராயரும் திருமலாதேவி, சின்னாதேவி என்ற இரண்டு ராணிகளும் கைகூப்பி நிற்கிற உலோகச் சிலைகள் இருக்கின்றன. 1517-இல் வைத்தவை. கூட்டம் தள்ளிக்கொண்டு போகும், கோவிந்தா கோவிந்தா என்ற சத்தத்தில் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்கு முன்னாலும் நான் அந்த வழியாகப் போயிருக்கிறேன், ஆயாவின் இடுப்பில் இருந்தபடியேகூட, ஆனால் சிலை கண்ணில் பட்டதே இல்லை. அந்தத் தடவை நைனா கையைப் பிடித்து இழுத்து நிறுத்தி, "ராயர் நைனா, நம்ம படத்துல வந்தாரே" என்று கத்தினேன். நைனாவும் நின்று பார்த்தார். பின்னால் வந்தவர்கள் நகரச் சொல்லி நெருக்கியும் அவர் நகராமல், "ஆமாண்டா, இவரேதான், இந்தக் கோயிலுக்குப் பல தடவை வந்தவரு" என்று சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள், சரித்திரப் புத்தகத்தில் பெயராகவும், கோயிலில் சிலையாகவும் இருந்த ஒருவர், பேண்ட் சட்டை போட்ட ஒருவன் முன்னால் உட்கார்ந்து பேசுகிற மனிதராக ஆகிவிட்டார். ராஜா ராணிப் படங்கள் அதற்கு முன்னால் எவ்வளவோ வந்திருக்கின்றன. 1956-இல் வந்த தெனாலிராமன் கதையில் பாலகிருஷ்ணாவின் அப்பா என்.டி.ராமாராவே ராயராக நடித்தார். முப்பத்தைந்து வருஷம் கழித்து மகன் அதே ராயர், கூடவே இந்தக் காலத்துப் பையனாகவும் இரட்டை வேஷம். ஆனால் ராஜா ராணிப் படத்தில் நாம் வெளியே இருந்து பார்க்கிறோம். எல்லாரும் கிரீடம் வைத்திருக்கிறார்கள், நம்மைப் போல ஒருவரும் இல்லை. இதில் நம்மைப் போல மூன்று பேர் அங்கே போகிறார்கள். அதிலும் அந்தக் கான்ஸ்டபிள்! சுத்திவேலு செய்த பாத்திரம் அது. காக்கி உடையில் பயந்து பயந்து விழித்துக்கொண்டு நிற்கிற அவரைப் பார்த்துக் கொட்டாயே சிரிக்கும். ஆனால் அவர் இருப்பதால்தான் அந்த இடம் நிஜமாகிறது. நாயகனுக்கு எங்கே போனாலும் பயம் கிடையாது. நம்மை அங்கே தூக்கிப்போட்டால் நாம் அந்தக் கான்ஸ்டபிளைப் போலத்தான் நிற்போம், அது குழந்தைக்குக்கூடப் புரியும்.

அப்புறம் வருஷம் போகப் போக ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. படம் போகிற வருஷம் 1526. ராயர் 1509-இல் பட்டத்துக்கு வந்தவர், 1529-இல் இறந்துவிடுகிறார், அதாவது அந்தச் சபையில் அவ்வளவு கம்பீரமாக உட்கார்ந்திருப்பவருக்கு மிச்சம் இருப்பது மூன்று வருஷம். அதற்கு அப்புறம் 1565-இல் விஜயநகரம் தோற்ற தலைக்கோட்டைப் போர், தலைநகரான ஹம்பி நகரமே சூறையாடப்பட்டு இடிந்து கிடக்கிறது. இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு மறுபடி டிவியில் படத்தைப் பார்த்தபோது, ஜாணவுலே பாட்டு வந்தது. எஸ்.பி.பாலசுப்ரமணியமும் ஜிக்கியும் எஸ்.பி.சைலஜாவும் பாடியது. அதே பாட்டு, அதே ஆட்டம், ஆனால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அங்கே ஆடுகிறவர்கள் யாருக்கும் வரப்போவது தெரியாது, பார்க்கிற எனக்குத் தெரியும். படத்தில் இதற்காகத் தனியாக ஒரு வசனம்கூட இல்லாமலேயே இது நடந்தது. காலப் பயணக் கதைக்கு இருக்கிற உண்மையான பலம் இதுதான் என்று நினைக்கிறேன். பார்க்கிறவர் வெளியே எவ்வளவு தெரிந்துகொண்டு வருகிறாரோ அவ்வளவுக்குப் படம் ஆழமாகும். ஹாலிவுட் படத்தில் ஏதோ ஒரு அமெரிக்க ஊரின் ஐம்பதுகளைக் காட்டினால் நான் ரசிக்கலாம், ஆனால் அந்த ஊரின் கதை என் பள்ளிப் புத்தகத்திலும் இல்லை, நான் பஸ்ஸில் போகிற வழியிலும் இல்லை.

எங்கள் வழியில் இந்தக் கதை எங்கே பார்த்தாலும் கிடக்கிறது. தலைக்கோட்டைக்கு அப்புறம் தலைநகரம் பெனுகொண்டாவுக்குப் போய், பின்னால் சந்திரகிரிக்கு வந்தது. திருப்பதி பக்கத்தில் இருக்கிற அதே சந்திரகிரிதான். சித்தூர் மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் புளிசாதம் கட்டிக்கொண்டு சுற்றுலா போகிற கோட்டை. படத்தில் அவ்வளவு பெரிதாகக் காட்டுகிற ராஜ்ஜியம் கடைசியில் சுருங்கி வந்து ஒதுங்கிய இடங்களில் ஒன்று எங்கள் மலைகளுக்கு நடுவில் இருக்கிறது என்பதை ராஜமஹால் மாடியில் நின்றுகொண்டு வாத்தியார் சொல்லக் கேட்டபோது, சினிமாவின் அடுத்த பாகத்துக்குள் நிற்கிறோம் என்று தோன்றியது. காளஹஸ்தியில் ராயர் 1516-இல் கட்டிய ராஜகோபுரம் இருந்தது. ராகு கேது பூஜைக்கு வீட்டில் யாரையாவது அழைத்துக்கொண்டு போகும்போதெல்லாம் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். 2010 மே 26 ராத்திரி அது இடிந்து விழுந்தது. டிவியில் அந்தக் கல் குவியலைக் காட்டியபோது எங்கள் வீட்டில் ஒருவரும் பேசவில்லை. இப்போது அங்கே புதுக் கோபுரம் நிற்கிறது, அழகாகத்தான் கட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் 1526-இல் இறங்கிய அந்த மூன்று பேர் தெற்கே வந்திருந்தால் பத்து வயதுக் கோபுரமாக, சுண்ணாம்பு வாசனை போகாமல் அதைப் பார்த்திருப்பார்கள் என்று நினைப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை.

சிங்கீதத்துக்கு இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் மாயா பஜாரில் போய் நிற்கிறது. 1957 படம், கே.வி.ரெட்டி இயக்கியது, அதில் உதவி இயக்குநராக இருந்தவர் நெல்லூர் மாவட்டம் உதயகிரியில் பிறந்த இந்த சிங்கீதம். ரங்காராவ் உட்கார்ந்த இடத்தில் லட்டுகள் தாமாகப் பறந்து வாய்க்குள் போகும் காட்சியைத் தெரியாத தமிழர் இருக்க முடியாது. ஆனால் அதில் எனக்குப் பிடித்தது பிரியதர்ஷினி என்ற பெட்டி. மூடியைத் திறந்தால் மனதுக்குப் பிடித்தவர் தூரத்தில் இருந்தாலும் உள்ளே தெரிவார், பேசலாம். இன்றைக்கு நாம் லேப்டாப்பைத் திறந்து வீடியோ காலில் பேசுவதை அப்படியே புராணக் கதைக்குள் எடுத்து வைத்திருக்கிறார்கள். மேலே ஏறி நின்றால் உண்மையைக் கக்கவைக்கிற சத்தியபீடம் என்று ஒரு பலகையும் உண்டு. அந்தப் படப்பிடிப்பில் நின்ற இளைஞர் முப்பது வருஷத்துக்கு அப்புறம் காலயந்திரம் எடுத்ததில் ஆச்சரியம் இல்லை. விஞ்ஞானம் என்பதற்காகக் கதையைச் சிக்கலாக்காமல், பெட்டியைத் திற, உள்ளே பார் என்று குழந்தைக்கும் புரிகிற நேர்மையோடு சொல்கிற கலை அங்கேதான் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். இடையில் வசனமே இல்லாத ஒரு படம், கமலைக் குள்ளமாக்கிய ஒரு படம், நாலு கமல் ஒரு படம் என்று 1987-இலிருந்து 90-க்குள் அவர் செய்த தந்திரங்களுக்கு ஒரு தனிப் பதிவே போட வேண்டும், இப்போது வேண்டாம். காலயந்திரக் கதையை அவர் முதலில் எஸ்.பி.பி.யிடம் சொல்ல, எஸ்.பி.பி. வழியாகத்தான் அது தயாரிப்பாளர் சிவலெங்க கிருஷ்ண பிரசாத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எஸ்.பி.பி. பெயர் படத்தின் தொடக்கத்தில் வழங்குபவர் என்று வரும்போது தியேட்டரில் இன்னமும் கை தட்டுகிறார்கள். நானும் தட்டினேன்.

எதிர்காலப் பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த 2504 செட் பழசாகத் தெரியும், மின்னும் உடைகளும் விளக்குகளும் 1991-இன் கற்பனை என்று பார்த்ததும் புரிந்துவிடும். எனக்கும் ராயர் பகுதி அளவுக்கு அது பிடித்ததில்லை. ஆனால் மூன்றாம் உலகப்போரின் கதிர்வீச்சால் பூமியின் மேல் வாழ முடியாமல் மனிதர்கள் நிலத்துக்கு அடியில் போய்விட்டார்கள் என்ற அந்த எண்ணம் சின்ன வயதில் என்னை ரொம்ப பாதித்தது. கோடையில் நாங்கள் எல்லாரும் மொட்டை மாடியில்தான் படுப்போம். தெருவில் பவர்லூம் சத்தம் ஓய்ந்த அப்புறம் நகரி மலையின் மூக்குப் பாறை இருட்டில் கருப்பாகத் தெரியும், மேலே நட்சத்திரம். படம் பார்த்த அன்றைக்கு ராத்திரி, இப்படி வெளியே படுக்க முடியாமல் ஒரு காலம் வருமா என்று அக்காவைத் திரும்பத் திரும்பக் கேட்டேனாம், அவள் இன்றைக்கும் சொல்வாள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விட்டால் எங்கள் மாடியிலிருந்து கிழக்கே ஒரு வெளிச்சக்கோடு ஏறுவது தெரியும். மற்ற பிள்ளைகள் குதிப்பார்கள். எனக்கு அதைப் பார்த்தால் சந்தோஷமும் பயமும் சேர்ந்தே வரும், அந்தப் பயத்தைக் கொடுத்தது இந்தப் படம். அதற்காக நன்றியோடுதான் இருக்கிறேன். விஞ்ஞானம் ஒரே கையால் இரண்டையும் செய்யும் என்பதைக் குழந்தையிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் சண்டையும் பாட்டும் சிரிப்பும் இருக்கிற ஒரு முழு மசாலாப் படத்தில்.

திருப்பதி தியேட்டரில் அக்கா மகன் என்ன சொல்வானோ என்று எனக்கு உள்ளுக்குள் பதற்றமாகவே இருந்தது. அவன் பார்க்கிறதெல்லாம் பெரிய பெரிய கிராஃபிக்ஸ் படங்கள். முதல் அரைமணி நேரம் செல்போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். வைரத் திருட்டை அந்தப் பையன் பார்க்கிற இடத்தில் போனை உள்ளே வைத்தான், பிறகு எடுக்கவில்லை. பையனாக நடித்தவர் தருண், பிற்பாடு தெலுங்கில் கதாநாயகனானவர். பெரியவர்கள் யாரும் பார்க்காததைத் தனியாகப் பார்த்துவிட்ட ஒரு பிள்ளை என்பது எந்தத் தலைமுறைப் பிள்ளையையும் பிடித்து இழுத்துவிடும். இடைவேளையில் பாப்கார்ன் வாங்கும்போது அவனுக்கு 1565 கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவன், உள்ளே போய் உட்கார்ந்த அப்புறம் கேட்டான்.

"மாமா, நீங்க அந்த வண்டியில போனா ராயர்கிட்ட இதெல்லாம் சொல்வீங்களா?"

"கண்டிப்பா சொல்வேன்டா."

"நம்ப மாட்டாரு மாமா. அவரு ஜெயிச்சுக்கிட்டேதான் இருந்தாரு, இல்ல?"

ராய்ச்சூர், உதயகிரி, கொண்டவீடு, கட்டாக் வரை அவர் போன சண்டைகள் எல்லாம் மனசில் ஓடின. பையன் சொன்னது சரிதான். தோல்வி என்றால் என்ன என்றே தெரியாதவரிடம் போய் எப்படிச் சொல்வது? படம் முடிந்து பஸ்ஸில் புத்தூர் வரைக்கும் இதையேதான் பேசிக்கொண்டு வந்தோம். ராணிகளிடம் சொல்லலாம் என்றான், தெனாலிராமனிடம் சொன்னால் அவர் எப்படியாவது ராயர் காதில் போட்டுவிடுவார் என்றேன் நான். அதை அவன் ஒத்துக்கொண்டான்.

இதன் அடுத்த பாகத்தை ஆதித்யா 999 மேக்ஸ் என்ற பெயரில் எடுக்கப்போவதாக பாலகிருஷ்ணா அறிவித்திருக்கிறார். வரட்டும், முதல் நாளே போவோம். கிராஃபிக்ஸ் எப்படி இருக்கும் என்ற கவலை எனக்கு இல்லை, வண்டி எங்கே போய் நிற்கும் என்பதில்தான் ஆசை. என்னைக் கேட்டால் 1639 ஆகஸ்டுக்குப் போக வேண்டும். சந்திரகிரி அரசருக்குக் கீழே இருந்த தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர், கடலோரத்தில் ஒரு துண்டு மணலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்குக் கொடுக்கிறார், அதுதான் பின்னால் சென்னை ஆகிறது. இந்தக் காலத்து ஆள் ஒருவன் அந்த இடத்தில் போய் இறங்கி, என்ன கொடுக்கிறோம் என்று தெரியாமல் கொடுக்கிற அந்த நாயக்கர் பக்கத்தில் நிற்க வேண்டும், கூடவே ஒரு கான்ஸ்டபிளும். நாயக்கர் தெலுங்கில் பேசுவார், சுற்றி இருக்கிற மீனவர்களும் நெசவாளிகளும் தமிழில் பேசுவார்கள். எங்கள் ஊர் ஆள் யாராவது அங்கே இருந்தால் இரண்டு பக்கமும் சொன்னது புரிந்திருக்கும்.